அசனாலி தர வேண்டிய ஆட்டம்

காரகோல் நகரச் சதுரங்கக் கழகம் என்று வாசலில் பலகை தொங்கும். உள்ளே நுழைந்தால் கொதிகலன் அறை. கொதிகலனை எப்போதோ பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வெந்நீர்க் குழாய்கள் மட்டும் இன்னும் எங்கள் சுவரை ஒட்டித்தான் ஓடுகின்றன. ஏரிக்கரையிலிருந்து மலையடிவாரம் வரை பனிக்காலத்தில் இவ்வளவு சூடான அறை வேறு கிடையாது. ஆகவே ஜனவரி வந்தால் எங்கள் கிர்கிஸ் ஊரில் சதுரங்க ஆர்வம் கொழுந்துவிட்டு எரியும். மே மாதம் அணைந்துபோகும். கழகத்தின் தலைவர் துருஸ்பெக் இதற்கு 'சிந்தனையின் பருவகாலம்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் கலாச்சாரத் துறையில் அதிகாரியாக இருந்தவர். குழாய்க்குப் பக்கத்தில் வேர்த்து ஊற்றும்போதும் தலையிலிருந்து வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுக்கமாட்டார். தொப்பி இல்லாவிட்டால் யார் தலைவர் என்று எப்படித் தெரியும்?

பருவகாலம் பார்க்காமல் வருகிறவர் அசனாலி ஒருவர்தான். அசனாலி பைகே என்போம். மூத்தவர்களை அண்ணன் முறை வைத்து அப்படித்தான் அழைப்பது. மாட்டு வைத்தியர். ஓய்வுபெற்ற பிறகும் அவர் கோட்டிலிருந்து அயோடின் வாடை போகவில்லை. ஜெயிக்கப்போகிறார் என்றால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். வெட்டப்போகும் ஆட்டின் கண்ணைப் பார்க்க மனமில்லாதவர் போல. வைத்த காயைத் திரும்ப எடுக்க யாரையும் விடமாட்டார். வரி அதிகாரியானாலும் சரி, சொந்த மைத்துனன் ஆனாலும் சரி. ஆனால் தோற்றவனுக்கு அடுத்த ஞாயிறு ஓர் ஆட்டம் உண்டு. "உனக்கு ஒண்ணு பாக்கி வச்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டாவது வந்து அந்த ஆட்டத்தைத் தந்துவிட்டுத்தான் போவார். சதுரங்கமே தெரியாதவர்கள்கூட எங்கள் கழகத்தை மரியாதையாகப் பேசியது அவரால்தான். எங்களுக்கு அது தெரியும். துருஸ்பெக்குக்கு மட்டும் தெரியாது.

அவருடைய ஞாயிற்றுக்கிழமை எதிராளி யாசிர். துங்கான் இனத்தவன்; சந்தையில் புளிப்பும் காரமுமாகக் குளிர்ந்த நூடுல்ஸ் விற்கிறான். இரண்டு பேரும் ஆடும்போது பலகையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும்.

"உங்க குதிரைக்கு லாடம் கழண்டிருக்கு பைகே, நொண்டுது பாருங்க."

"லாடத்தை நான் பாத்துக்கறேன். உன் ராணிக்குச் சினை முத்திருச்சு, அதை முதல்ல கவனி. நகர முடியாம நிக்குது."

"நீங்க வைத்தியம் பாத்த மாடெல்லாம் இப்ப எங்க இருக்குன்னு கேட்டா ஊரே சொல்லும்."

"எங்க இருக்கும்? உன் நூடுல்ஸ்ல கறின்னு நீ போடறதா சொல்றியே, அங்கதான்."

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு யாசிர் தோற்றான். கோட்டை ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டும் தோற்றான், ஆகவே கோபம். அசனாலி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அடுத்த வாரம் உனக்கு ஒண்ணு பாக்கி. வெள்ளைக்காய் உனக்கே" என்றார். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள். உள்ளே அவர் மனைவி சூரா, திரைப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே நாங்கள் வரிசையாக நின்றோம். துருஸ்பெக் முதலில் பேசினார். மறைந்த அசனாலி ஒரு கிராண்ட்மாஸ்டருடன் மோதி, அவரைத் திணறடித்து டிரா செய்தவர் என்றார். நாங்கள் தரையைப் பார்த்தோம். ஊருக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர் வந்தது உண்மை. அவர் உள்ளே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, காரில் காத்திருந்த அவருடைய டிரைவரோடு அசனாலி ஆடியதும் உண்மை. அதில் தோற்றார். இந்தக் கதையை ஒளிக்காமல் சொல்லிச் சிரித்தவர் அசனாலியேதான். "அந்த டிரைவர் பய நல்லா ஆடினான்யா" என்பார். டிரைவர் போய்க் கிராண்ட்மாஸ்டர் வருவதற்கு ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது.

பிறகு அவருடைய தம்பி மகன் மைராம் முன்னால் வந்தான். பிள்ளை இல்லாத வீடு, அவன்தான் பொறுப்பு. வழக்கப்படி கேட்டான்: "எங்க பெரியப்பா எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்" என்றோம்.

"யாருக்காவது அவர் ஏதாவது தரவேண்டியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. அவர் மேல இருக்கறதை நாங்க ஏத்துக்கறோம். பாரத்தோட அவரை மண்ணுக்குள்ள அனுப்பமாட்டோம்."

இது எல்லாச் சாவிலும் கேட்கிற கேள்வி. யாரும் பதில் சொல்வதில்லை. உண்மையிலேயே ஏதாவது வரவேண்டியவன்கூடச் சாப்பாடு முடிந்த பிறகுதான் மெதுவாக வீட்டாரைத் தனியே அழைப்பான். இமாம் தொழுகைக்குத் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு" என்றான் யாசிர்.

எல்லோரும் திரும்பினார்கள். மைராமின் முகம் வெளிறியது. "எவ்வளவு யாசிர் பைகே?"

"ஒரு ஆட்டம். வெள்ளைக்காய் எனக்கு."

யாரோ ஒருவர் வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். துருஸ்பெக் யாசிரின் கையைப் பிடித்து இழுத்தார். "பைத்தியமாடா உனக்கு? துணை மேயர் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கு." யாசிர் நகரவில்லை. அவன் கேட்க நினைத்துக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வாய் திறந்துகொண்டது, அவ்வளவுதான். ஆனால் வரிசையில் நின்று, பிணத்தின் முன்னால் சொன்ன சொல். அதை இருமி மறைக்க முடியாது.

கூடாரத்துக்குள் ஒப்பாரி நின்றிருந்தது. சற்று நேரத்தில் ஒரு பெண் வெளியே வந்தாள். "சூரா அக்கா சொல்லச் சொன்னாங்க. பாக்கி இருக்கறது வாஸ்தவம்தானாம். ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட அவரே சொல்லியிருக்காராம். இந்த வீடு ஏத்துக்குதாம்."

ஒப்பாரி மறுபடி தொடங்கியது. அசனாலியைக் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

யார் ஆடுவது என்ற பேச்சு அன்று மாலையே ஆரம்பமாயிற்று. மைராமுக்குச் சீட்டாட்டம்தான் தெரியும். துருஸ்பெக் மார்பில் கைவைத்துக்கொண்டு, "கழகத்தின் சார்பில் நானே ஆடித் தீர்க்கிறேன்" என்றார். அவர் வாழ்நாளில் யாசிரிடம் ஜெயித்ததில்லை. கடன் நிச்சயம் சீக்கிரம் தீரும் என்று எங்களில் ஒருவன் சொன்னான். பைகேயின் மனைவி எங்களுக்கு ஜெங்கே, அதாவது அண்ணி. சூரா ஜெங்கே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கழகம் ஒண்ணும் கடன் படலை. வீட்டுக் கடன், வீட்டிலிருந்துதான் போகணும். நாற்பதாம் நாள் விருந்துக்கு முன்னாடி நான் ஆடறேன்" என்றார். துக்கத்தில் இருக்கும் பெண் நாலு பேர் பார்க்கச் சதுரங்கம் ஆடலாமா என்று இமாமிடம் ஆள் போயிற்று. இமாமும் எங்கள் ஜனவரி உறுப்பினர்தான். "கடன் முதல்ல. மத்ததெல்லாம் பிறகு" என்று சொல்லி அனுப்பினார்.

இதில் ஒரு சிக்கல். சூரா ஜெங்கேவுக்கு ஆடத் தெரியாது. இத்தனை வருஷம் சதுரங்கக்காரரோடு குடித்தனம் நடத்தி அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: அசனாலி வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தத்தை வைத்து அன்று ஜெயித்தாரா தோற்றாரா என்று சொல்லிவிடுவார்.

சொல்லிக்கொடுக்கத் துருஸ்பெக் முன்வந்தார். சுருட்டிய வரைபடங்களோடு வந்து 'சதுரங்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று தொடங்கினார். முதல் நாள் இந்தியாவிலேயே நின்றுவிட்டார். மறுநாள் பாரசீகம். அவர் சமர்கந்து வந்து சேர்வதற்குள் ஜெங்கே மாவு பிசையப் போய்விட்டார். பிறகு நாங்கள் சிலர் மாலையில் போய், குதிரை எப்படிப் போகும், சிப்பாய் எப்படி வெட்டும் என்று காட்டினோம். நகர்த்தக் கற்றுக்கொண்டார். வெட்டத்தான் மாட்டார்.

"ஜெங்கே, அந்தச் சிப்பாய் சும்மா நிக்குது, அடிங்க."

"அது பாட்டுக்கு நிக்குது. அதை ஏன் அடிக்கணும்?"

"விட்டா அது உங்களை அடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும், பாவம் அதுக்குத்தான்."

காய்களையெல்லாம் ஒரு மூலையில், பாத்திரம் அடுக்குவதுபோல் நெருக்கமாக அடுக்கி வைப்பார். அசனாலி பார்த்திருந்தால் கண்ணாடியைத் துடைக்கக்கூட மனம் வந்திருக்காது.

யாசிர் இதைக் கேள்விப்பட்டு நூடுல்ஸ் கடையையே இரண்டு நாள் திறக்கவில்லை. சந்தைக்குப் போன என்னைப் பிடித்துக்கொண்டான். "நான் என்னத்தைக் கேட்டேன், என்ன நடக்குது பாத்தியா? பொம்பளைகிட்ட, அதுவும் அவர் வீட்டம்மாகிட்ட ஜெயிக்கவா கேட்டேன்? ஊரு என் மூஞ்சில துப்பும்."

"அப்ப வேண்டாம், விட்டுட்டேன்னு சொல்லிடு. கடன் குடுத்தவன் மன்னிச்சா கடன் போச்சு."

"போய்ச் சொன்னேன்யா! 'என் புருஷன் யார்கிட்டயும் தள்ளுபடி வாங்கினதில்ல'ன்னு கதவைச் சாத்திட்டாங்க."

இந்த நிலைமையைத் துருஸ்பெக் பயன்படுத்திக்கொண்டார். யாசிரைக் கழகத்துக்குக் கூப்பிட்டு, குழாய் ஓரமாக உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "இதோ பாரு. துணை மேயர் வர்றார். பத்திரிகைக்காரன் வர்றான். கொஞ்ச நேரம் ஆடுங்க, டிராவுன்னு கையைக் குடுத்துக்குங்க. கிர்கிஸ் வீடும் துங்கான் வீடும் சமம். இனங்களின் நட்பு! இதைவிட அழகா எதுவும் இருக்கா?" யாசிர் யோசித்தான். அவனுக்கு நட்பைப் பற்றிக் கவலை இல்லை. ஜெயிக்காமல் தப்பித்தால் போதும். சரி என்றான். சூரா ஜெங்கேவிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு அதெல்லாம் புரியாது என்று துருஸ்பெக் கருதினார்.

நாற்பதாம் நாள் ஆப்பிள் மரம் பூத்திருந்தது. அடுப்பில் குதிரைக் கறி வெந்துகொண்டிருந்தது. மரத்தடியில் மேசை, மேசைமேல் அசனாலியின் பலகை. துருஸ்பெக் எங்கிருந்தோ ஒரு துணிப் பதாகை கொண்டுவந்து இரண்டு கிளைகளுக்கு நடுவே கட்டியிருந்தார். காற்றில் அது மடிந்து 'அசனாலி நினைவு' என்பதில் 'நினைவு' மட்டுமே தெரிந்தது. துணை மேயர் முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சூரா ஜெங்கே கறுப்புத் தலைத்துணியோடு வந்து உட்கார்ந்தார். யாசிர் எழுந்து நின்று வணங்கிவிட்டு, வெள்ளைச் சிப்பாயை நகர்த்தினான். ஜெங்கே தம் பாத்திரங்களை மூலையில் அடுக்கத் தொடங்கினார். யாசிர் எதையும் தாக்கவில்லை. குதிரையை முன்னால் அனுப்பினான், பின்னால் இழுத்தான், மறுபடி முன்னால் அனுப்பினான். குதிரைக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

"யார் ஜெயிக்கறாங்க?" என்று துணை மேயர் கேட்டார்.

"அமைதி ஜெயிக்கிறது" என்றார் துருஸ்பெக்.

கொஞ்ச நேரம் போயிற்று. யாசிர் துருஸ்பெக்கைப் பார்த்தான். துருஸ்பெக் தலையசைத்தார். யாசிர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "டிரா, ஜெங்கே?" என்றான்.

"அப்படின்னா?"

"ரெண்டு பேரும் சமம். உங்களுக்கு அரை, எனக்கு அரை."

"எனக்கு எதுக்கு அரை? நான் வாங்கவா வந்தேன்? குடுக்க வந்திருக்கேன். இன்னும் ஒருத்தர்கூட அடிபடலையே, அதுக்குள்ள எப்படி முடியும்?"

துருஸ்பெக்குக்கு அவசரம். பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கிவிட்டான். "எல்லாம் பேசி முடிச்ச விஷயம்தானே ஜெங்கே! சான்றிதழே அச்சடிச்சாச்சு" என்று உறையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். பொன்னெழுத்தில் 'டிரா' என்றிருந்தது. ஆட்டத்தின் முடிவு ஆட்டத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமையே அச்சகத்துக்குப் போயிருக்கிறது.

சூரா ஜெங்கே சான்றிதழைப் பார்த்தார். பிறகு யாசிரைப் பார்த்தார். "பேசி வச்சு ஆடறியா நீ?"

யாசிர் பலகையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். அவர் உன்னோட எத்தனையோ வருஷம் ஆடினார். ஒரு தடவையாவது பேசி வச்சு ஆடினாரா?"

"இல்ல."

"அப்ப அவர் குடுக்க வேண்டியது இந்தச் சரக்கு இல்லையே. கலப்படத்தை என் கையால குடுக்கச் சொல்றீங்களா?" அவர் இமாம் பக்கம் திரும்பினார். "இமாமே, நீங்க சொல்லுங்க. இப்படி ஆடினா கடன் தீருமா?"

இமாம் அடுப்பைப் பார்த்தார், துணை மேயரைப் பார்த்தார், தாடியைத் தடவினார். அந்த மனிதர் தைரியசாலி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "ஜெயிக்கறதும் தோக்கறதும் கடன் இல்ல. ஆட்டம்தான் கடன். ஆனா, ஆடாத ஆட்டம் ஆட்டமில்லையே. தீராது."

"கேட்டியா? ஒழுங்கா ஆடு. நாப்பது நாளா அவர் அங்க காத்துக்கிட்டிருக்கார்."

யாசிர் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ராணியைக் குறுக்கே கொண்டுபோய் வைத்தால் அடுத்ததில் மேட். மூலையில் அடுக்கிவைத்த பாத்திரங்களுக்கு நடுவே ராஜா மூச்சுவிட இடமில்லாமல் மாட்டியிருந்தார். எங்கள் கழகத்தின் ஜனவரி உறுப்பினர்களுக்குக்கூட அது தெரிந்தது. அவன் கை ராணிக்கு மேலே போனது. அங்கேயே நின்றது.

"என்னடா?" என்றார் ஜெங்கே, சற்று இறங்கிய குரலில்.

"முடியல ஜெங்கே."

"ஊர் பேசும்னா? பேசட்டும்."

"ஊரை விடுங்க." அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் முற்றத்தில் கறி கொதிக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. "எனக்கு அவர் ஒண்ணு தரணும், தரணும்னு நெனச்சுக்கிட்டே கடையைத் தொறக்கறேன். ஞாயித்துக்கிழமை வந்தா கால் தானா அங்க போகுது. இதை வாங்கிட்டேன்னா அவருக்கும் எனக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே."

துணை மேயர் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்தார். துருஸ்பெக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தவரையில் அதுதான் முதல் தடவை.

சூரா ஜெங்கே தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு மட்டும் அந்த ஆசை இல்லையா? இந்தப் பலகையைச் சாயந்திரம் சாயந்திரம் விரிச்சு, உங்க ஆளுங்ககிட்ட திட்டு வாங்கி, குதிரை எந்தப் பக்கம் போகும்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேனே, எதுக்குன்னு நெனச்சே? அவர் இன்னும் வேலையா இருக்கார், வந்துடுவார்ங்கற மாதிரி இருந்துச்சு. இன்னும் ஒரு வருஷம் இழுத்தாலும் நான் இழுப்பேன். ஆனா பாரம் அவர் தலையில இருக்கு யாசிர். நம்ம ரெண்டு பேர் சௌகரியத்துக்கு அவரைச் சுமக்க விடறது நல்லால்ல. எடு. வாங்கிக்கோ."

யாசிர் கையைத் துடைத்துக்கொண்டு ராணியை எடுத்துக் குறுக்கே வைத்தான். ஜெங்கே ஒரு சிப்பாயை நகர்த்தினார். வேறு எதை நகர்த்தியிருந்தாலும் ஒன்றுதான்.

யாசிர் ராணியை மறுபடி எடுத்து ராஜாவின் பக்கத்தில் வைத்து, "மேட்" என்றான். காதில் விழவில்லை, உதடு அசைந்ததை வைத்துச் சொல்கிறேன்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. வந்து சேந்துச்சா?"

யாசிர் எழுந்து நின்றான். "வந்து சேந்துச்சு. அசனாலி பைகே எனக்குத் தரவேண்டியது எதுவும் இல்ல. நான் திருப்தி."

இமாம் கைகளை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினோம். துஆ முடிந்து முகத்தில் கைகளைத் தடவிக்கொண்ட பிறகு துருஸ்பெக் எழுந்து தாளைப் பிரித்தார். தாள் இல்லாமல் பேசிப் பழக்கமில்லாதவர். தாளில் இருப்பதை மாற்றிப் படிக்கவும் பழக்கமில்லை. "இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க டிரா..." என்று தொடங்கி, இனங்களின் நட்பு வரை போய், கிராண்ட்மாஸ்டரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். துணை மேயர் கைதட்டினார். அவருக்கு யார் ஜெயித்தது என்று கடைசிவரை தெரியாது.

விருந்தில் வெங்காயம் தூவிய கறி பரிமாறினார்கள். எங்கள் பக்கம் எலும்புத் துண்டுகள் ஆளின் தகுதிக்கு ஏற்றபடி போகும். முதல் மரியாதை இடுப்பெலும்பு. துருஸ்பெக் தொப்பியைச் சரிசெய்து, மடியில் துண்டை விரித்துத் தயாராக இருந்தார். மைராம் தட்டோடு அவரைத் தாண்டி, துணை மேயரையும் தாண்டிப் போய், கதவோரம் உட்கார்ந்திருந்த யாசிரின் முன்னால் வைத்தான்.

"எனக்கு எதுக்குடா இது? பெரியவங்களுக்கு வை."

"பெரியம்மா சொன்னது. இந்த வீட்டுல யாரும் இனிமே உங்களுக்குத் தரவேண்டியதில்லையாம். இது தர ஆசைப்படறதாம்."

துருஸ்பெக்குக்கு முழங்கால் எலும்பு வந்தது. அதையும் பெருமையாகத்தான் கடித்தார்.

யாசிர் கத்தியால் கொஞ்சம் சீவி வாயில் போட்டான். மென்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. பக்கத்தில் இருந்த என்னிடம் அவனாகவே திரும்பி, "வெங்காயம் ரொம்பக் காரம்யா" என்றான்.

ஊருக்கே மிளகாய்க் காரம் விற்கிறவன். ஆமாம், கொஞ்சம் காரம்தான் என்று நானும் சொன்னேன்.